பன்னிரண்டு மணி நேரக் குத்தகை

ராமேஸ்வரம் ஜெட்டியில் டோக்கன் அறைக்கு
ஒரு சன்னல்,
உப்புப் பூத்த சுவிட்ச்,
அதிலிருந்து பெட்டிக்கு ஒரே ஒரு கம்பி.
செம்பு நுனிகளில் களிம்பு ஏறிவிடும்.
மாதம் இரண்டு தடவை வெட்டிப்
புதுத் தலை மாட்டுவேன்.
அதற்கும் பரமக்குடியிலிருந்து பஸ் காசுக்கும் சேர்த்துத்தான்
என் கான்ட்ராக்ட்.

விடியுமுன் நாலு மணிக்கு வரிசை நிற்கும்.
படகு எண், போகிற ஆள் எத்தனை,
பிரிண்டர் துப்பினால்தான் கடல்.

பெட்டிக்குள் ஒரு சர்வீஸ் ஓடுகிறது.
சன்னலில் முகம் காட்டாது.
கம்பியில் உயிர் வந்தால் முதலில் அதற்குத் தெரியும்.
ரூட்டரிடம் போய் ஒரு முகவரி கேட்கும்,
பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குத்தகை வாங்கும்,
ஆறாவது மணியிலேயே போய்
யாரும் சொல்லாமல் நீட்டித்துக்கொள்ளும்.

எனக்கு அதைப் பிடிக்கவில்லை.
கையால் நான் கொடுத்த முகவரியைப்
பெட்டி அணைந்து விழித்ததும் துடைத்துவிட்டது.
மூன்று இரவு இப்படி.
ஈர மணலில் நண்டு கீற, அலை தின்ன.
நண்டு நான்.

"மெசினுக்கு முதலாளி யாரும்மா, நீயா அதுவா?"
என்றார் கிளார்க் சீனி இபுராகீம்.

நாலாம் இரவு அதை நிறுத்தினேன்.
இனி எழவே கூடாது என்றும் சொன்னேன்.
ஒரே ஒரு வரிதான்.
ஏன் என்று கேட்காமல் நின்றுகொண்டது.
அது எனக்கு என்னவோ போல் இருந்தது.

இரண்டே காலுக்குக் கச்சான் அடித்தது.
கரண்ட் போய் வந்தது.
பெட்டி தானே எழுந்து
என் முகவரியையும் மறந்து
சும்மா உட்கார்ந்திருந்தது.
கேட்டு வாங்க உள்ளே ஆள் இல்லை.

நாலு மணிக்கு வரிசையின் வால்
ஐஸ் கம்பெனி வாசலில்.
ஜெரோமியாஸ் சன்னலில் கையூன்றிச் சொன்னார்:
"காத்து இருக்கு. டீசல் இருக்கு. ஐஸ் உருகுது.
உன் காயிதம் மட்டும் இல்ல."

லாட்ஜிலிருந்து ஓடிவந்து
யாரையும் பார்க்காமல் அதை எழுப்பினேன்.
எழுந்தது.
கம்பியைத் தொட்டுப் பார்த்தது, களிம்பு.
பக்கத்தில் டாங்கிளைத் தட்டியது.
டாங்கிள் இருட்டில் துழாவி
எந்தக் கோபுரம் பலமாய்க் கூப்பிட்டதோ
அதைப் பிடித்துக்கொண்டது.

பிரிண்டர் துப்பத் தொடங்கியது.
திரையின் ஓரத்தில் ஒரு செய்தி:
இலங்கைக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்.

எழுபத்தொரு டோக்கன்.
ஒவ்வொன்றின் அடியிலும்
'எல்லை தாண்டி மீன் பிடிக்காதீர்'.
அந்த வரியும் அக்கரைக்குப் போய்த்தான்
ராமநாதபுரம் ஆபீசைத் தொட்டுத்
திரும்பி வந்து அச்சானது.
ஜெரோமியாஸின் மச்சினன் படகு
பதினோரு மாதமாக மன்னாரில் வெயில் காய்கிறது.
அவர் தாளை மடித்து
பனியன் உள்ளே வைத்துக்கொண்டு போனார்.

மதியம் உட்கார்ந்தேன்.
கம்பியிடம் பேசுவதை விட்டு
கம்பியைப் பார்த்துக்கொள்கிறவனிடம்
அவன் வாசிக்கும் ஏட்டிலேயே எழுதிக்கொடுத்தேன்.
இந்த அட்டைக்கு இந்த முகவரி, மாறாது.
கம்பிக்கு நூறு, டாங்கிளுக்கு எழுநூறு,
சின்ன எண்தான் இங்கே பெரியவர்.
சேமித்து, மூன்று தடவை அணைத்து எழுப்பினேன்.
ஒரு எழுத்துகூட அழியவில்லை.

மேலிடத்திலிருந்து போன் வந்திருந்தது.
ரோமிங் பில்லை நீட்டினார் இபுராகீம்.
"அந்தக் கரை டவரத் தொடக் கூடாதுன்னு எழுதச் சொல்றாக."

எழுதினேன்.
எழுதிவிட்டு, சுவிட்சின் பச்சை விளக்கைக்
கொஞ்ச நேரம் பார்த்தேன்.
வெளியே காற்று இறங்கியபாடில்லை.

வரியின் தலையில்
குறுக்கும் நெடுக்கும் இரண்டிரண்டு கோடு,
ஒரு சின்ன வேலிக் குறி.
அது இருந்தால் சர்வீஸ் அந்த வரியை
வாசிக்காமல் தாண்டிப் போய்விடும்.

"எழுதிட்டியாம்மா?"

"எழுதியிருக்கேன் பாய்.
வேணும்னா திறந்து பாருங்க."