சொல்லாமல் நிற்பது

இருபத்திரண்டு வயதுக் கொரோலா.
மீற்றரில் மூன்று லட்சத்துப் பதினோராயிரம்,
அதற்கு முந்தியதை
யப்பானில் யாரோ ஓடி மறந்திருப்பார்கள்.

கிருலப்பனையில், கால்வாயோரக் கராஜில்
லயனல் பாஸ் பொனெற்றைத் தூக்கி
டோர்ச் அடித்துக் காட்டினார்.
இது காற்றை அளக்கும்.
அது தண்ணீரின் சூட்டை.
கீழே புகைக்குழாயில் மூக்கு மாதிரி ஒன்று.
எல்லாம் கொம்பனியில் பூட்டியது, ஒருவரும் தொடாதது.
வயர்களின் தோல் மட்டும்
பப்படம் போல நொறுங்கியது.

"ஓடுது தானே" என்றேன்.
"ஓடுது தான்" என்றார்.
இருவரும் கொஞ்ச நேரம் அது ஓடுவதைக் கேட்டோம்.

பிறகு எஞ்சினின் அடியில்
எண்ணெய் கசிந்து கறுத்த, சுண்டுவிரல் அளவான ஒன்றில்
வெளிச்சத்தை நிறுத்தினார்.
மற்றவை லைற் போடும், இருமும், பெற்றோல் குடிக்கும்,
போகப்போகிறேன் என்று நாலு மாதம் புலம்பும்.
கிராங்க் சென்சர் சொல்லாது.
நன்றாய்ச் சூடேறிய ஒரு நாள்,
சிக்னலில்,
அப்படியே.

நான் விடிய நாலே முக்காலுக்கு வெளிக்கிடுகிறவள்.
வெறும் வயிற்றோடு காத்திருக்கிறவர்களிடம் போய்
ரத்தம் எடுப்பது தொழில்.
கொட்டாஞ்சேனையில் இரண்டு, தெமட்டகொடையில் ஒன்று,
பிறகு வெள்ளவத்தை ஃபிளாட்டுகள்,
லிஃப்ட் வேலை செய்தால் நாலு.
பின்சீற்றில் பெல்ட் போட்டு இருத்திய பெட்டி.
எட்டரைக்குள் லாப்பில் இறக்காவிட்டால்
குழாய்க்குள் பொட்டாசியம் பொய் சொல்லத் தொடங்கும்.

பஞ்சிகாவத்தையில் இம்தியாஸ்
மூன்றை எடுத்து மேசையில் வைத்தார்.
ஒன்று ஒரிஜினல் பெட்டியில்;
பெட்டி மட்டும்தான் ஒரிஜினலோ, தெரியாது.
ஒன்று மினுங்கியது, வெட்கப்படும் அளவுக்கு மலிவு.
ஒன்று வெட்டிய காரில் கழற்றியது,
என்னுடையதின் வயதுதான்.
"நல்ல பழசக் கழட்டிக் கூடாத புதுசப் பூட்டினவங்க
என்ட கடையிலதான் வந்து ஏசுற"
என்றார், விற்க உட்கார்ந்திருந்தவர்.

கணக்குப் போட்டேன், பில்லின் பின்பக்கத்தில்.
எல்லாவற்றையும் மாற்றினால்
மகனின் ரியூசன் ஆறு மாதம்.
ஒன்றையும் மாற்றாவிட்டால்
என்றோ ஒரு காலை, பேஸ்லைன் றோட்டின் நடுவில்
ஏழு பேரின் ரத்தத்தோடு நான்,
பின்னால் ஹோர்ன் அடிக்கும் முழுக் கொழும்பு.
இரண்டு தொகைக்கும் கீழே கோடு இழுத்தேன்.
கழிக்கத் தெரியவில்லை.

அடுத்த நாள் ஜெயசீலி அலோசியஸ்
சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கேட்டா:
"எனக்கு ஒண்டும் செய்யேல்லையே,
பிறகேன் குத்துறாய்?"
நரம்பு தேடிக்கொண்டிருந்ததால்
பதில் சொல்லவில்லை.
கிடைத்த பிறகும் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் மாற்றினேன்.
பத்தாம் நம்பர் சாவி, ஒரேயொரு போல்ட்,
லயனல் பாஸின் முழங்கை வரை கறுப்பு.
கழற்றியதை அவர் எறிந்த தகரத்துக்குள் கைவிட்டுத் தேடி
சிங்களப் பேப்பரில் சுற்றி எடுத்தேன்.
"அது நல்லது தானே" என்றேன்.
"அதுதான் சொன்னேனே" என்றார், சிரிக்காமல்.
இப்போது அது டாஷ்போர்ட் பெட்டிக்குள்
பஞ்சுக்கும் ஊசிகளுக்கும் பக்கத்தில் கிடக்கிறது,
எதையும் அளக்காமல்,
இன்னும் பழுதாகாமல்.

பதினோராம் நாள்
பம்பலப்பிட்டியில் லைற் பற்றியது, செம்மஞ்சள்.
புதியதா என்று நெஞ்சு அடைத்தது.
இல்லையாம், மூக்கு.
"அது இனிச் சொல்லிக்கொண்டே இருக்கும்,
காசு வரட்டும், ஓடுங்க" என்று போனில் பாஸ்.

அந்த வெளிச்சத்தின் மேல்
ஒரு பிளாஸ்டரை ஒட்டினேன்,
குத்திய இடத்தில் ஒட்டுவேனே, அதே வட்டம்.
மூன்று நாள் இருட்டோடு ஓடினேன்.
நாலாம் நாள் விடிய, மரீன் டிரைவில்
கடல் இன்னும் தெரியாத நேரம்,
நகத்தால் ஓரத்தைக் கிளப்பி உரித்தேன்.

சொல்லட்டும்.