ஒரு ஆள் கணக்கு

ஓய்வூதியம் ஏறிய அன்று
நோட்டுகளை நீளவாக்கில் மடித்து
விரலிடுக்கில் செருகிக்கொண்டு வருகிறார்.
பஸ்ஸை விட்டு இறங்கி எட்டு வருஷம்.
விரல்கள் இன்னும்
ஒடுகத்தூர் ரூட்டில்தான் ஓடுகின்றன.

நான் சத்துணவுக் கூடத்தில்
தலைக்கு நூறு கிராம் அரிசி, பதினைந்து பருப்பு என்று
இருபத்தாறு வருஷம் அளந்தவள்.
எனக்கு எல்லாமே கிராம்.
அவருக்கு எல்லாமே ஸ்டேஜ்:
ஊசூர் வரை மளிகை,
அணைக்கட்டு வரை மருந்து,
அதற்குமேல் டீசல் இல்லை.
இந்த இரண்டு பாஷையிலும் சண்டை போட்டு
காலண்டர் தாளின் முதுகில்
மாதம் ஒரு கணக்கு எழுதுகிறோம்.

வாடகை ஐயாயிரத்து ஐந்நூறு.
கேன் தண்ணீர். பால்.
சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை.
கரண்ட் –
சித்திரையில் அதற்குத் தனிக் குணம்.
பகலெல்லாம் வாங்கிய வெயிலை
வேலூர்ப் பாறைகள் ராத்திரியில் திருப்பிக் கொடுக்கின்றன,
வட்டியோடு.
ஃபேனை ஐந்தில் வைத்தால் பில் எகிறும்,
மூன்றில் வைத்தால் தூக்கமில்லை.
நாலில் வைப்பதென்று ஒப்பந்தம்.
யார் முதலில் தூங்குகிறார்களோ
அவர்கள் ஏமாந்தவர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவை
அவர் எழுத மாட்டார்.
"எனுக்கு பாஸ், உனுக்கு இலவசம்,
ஆட்டோ எதுக்கு?"
படியேறும்போது முட்டி கேட்கிற காசை
எந்த வரியில் எழுதுவது?

அரியர் என்று ஒரு வரி,
பக்கத்தில் வெறும் கோடு.
அந்தக் கோட்டுக்கும் எட்டு வயதாகிறது.

முள்ளுக் கத்திரிக்காய் அரைக் கிலோ.
இதில் மட்டும் பேரம் கிடையாது.
இலவம்பாடிக் காய் என்று சொல்லி எதை விற்றாலும்
தெரிந்தே ஏமாறுகிறோம்.

கடைசியில்,
இதர – முந்நூறு.
அது பீடி. நான் கேட்பதில்லை.
எனக்கும் ஒன்று உண்டு,
அதற்குப் பெருங்காயம் என்று பெயர்.
மாதம் நூறு ரூபாய்ப் பெருங்காயம்
எந்த வீட்டுச் சாம்பாரில் கரைகிறது என்று
அவரும் இதுவரை கேட்டதில்லை.

நேற்று
கரண்ட் அட்டையைத் தேடி
அவருடைய பழைய தோல்பையைத் திறந்தேன்.
டிக்கெட் கட்டுகள் இருந்த அறையில்
நாலாய் மடித்த ஒரு காலண்டர் தாள்.
அதே கட்டம், அதே சாய்ந்த எழுத்து.
தலைப்பு மட்டும் வேறு:
ஒரு ஆள்.

யார் என்று எழுதவில்லை.

வரவு, இப்போது வருவதில் பாதிக்குச் சற்று மேல்.
வாடகை அப்படியே.
பால் பாதி.
கத்திரிக்காய் கால் கிலோ.
பீடிக்காரர் எழுதிய கணக்கில்
காபித்தூள் இல்லை.
அவருக்கு மட்டும்தான் காபி, நான் டீ.
முட்டித் தைலம் இருந்தது.
ஆட்டோ இருந்தது,
மாதம் நாலு தடவை,
ரவுண்டாக எண்ணூறு.
கீழே இன்னும் ஒரு வரி:
பெருங்காயம் – இருநூறு.

தாளைப் பிடித்துக்கொண்டு
எவ்வளவு நேரம் நின்றேனோ.
குக்கர் அஞ்சாவது விசில் விட்டது.

"இன்னா தேடினுகீற?"
வாசலில் செருப்பை உதறியபடி அவர்.
"கரண்ட் அட்டை."
"டிவி மேல கீது பாரு."

குளிக்கப் போனதும்
பென்சிலை எடுத்தேன்.
கால் கிலோவை அடித்து அரை என்று திருத்தினேன்.
பாலுக்கும் தைலத்துக்கும் நடுவில் இடம் பார்த்து
காபித்தூள் நூறு கிராம் எழுதினேன்.
மடித்த மடிப்பிலேயே மடித்து
டிக்கெட் அறையில் வைத்துவிட்டேன்.

பையில் ஒரு ரூபாய் கூடினாலும்
டிப்போ போய்ச் சேருவதற்குள் கண்டுபிடிக்கிறவர்
தசரதன் கண்டக்டர்.
பார்ப்பார்.
பார்த்ததாகச் சொல்ல மாட்டார்.

இந்த மாசம் பெருங்காயம் வாங்க வேண்டும்.
நிஜமாகவே தீர்ந்துவிட்டது.