பன்னிரண்டு சீட்டு

இரணியல் கோர்ட்டில் என்றால்
ஒரே ஆள் எழுதுவார் தீர்ப்பை.
கடியபட்டணத்தில் பன்னிரண்டு பேர்.
அதில் நானும் ஒருத்தன்,
மீன்மணம் போகாத கையோடு.

வென்சலாஸ் எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போனதைக்
கண்ணால் கண்டேன் என்றான் சிலுவைதாசன்.
அமாவாசைதான். ஆனாலும்
முட்டம் லைட்ஹவுஸ் வெளிச்சம்
மூஞ்சியில் அடித்ததாம்.

வென்சலாஸுக்கு நான்
ஆறு லிட்டர் மண்ணெண்ணெய் பாக்கி.
அதைக் கூட்டத்தில் சொல்லவில்லை.

ராத்திரி அதே இடத்தில் போய் நின்றேன்.
வெளிச்சம் சுற்றி வந்தது
தலைக்கு மேலே, வெகு உயரத்தில்,
கப்பல்காரனைத் தேடிக்கொண்டு.
கையை முகத்துக்கு நேரே பிடித்தேன்.
ஐந்து விரலையும் எண்ண முடியவில்லை.

காலையில் சொன்னேன்.
"நேத்து மப்பாக்கும்" என்றார் தஸ்நேவிஸ்.
இருக்கலாம். நட்சத்திரமும் இல்லைதான்.

ஐஸ் பெட்டிக்குள் சீட்டுப் போட்டோம்.
பிரித்து வாசித்தார்கள்:
எடுத்தான், எடுத்தான், எடுத்தான்…
'தெரியாது' என்று மூன்று.

ஒரு மாதம் கடலுக்குப் போகக்கூடாது.
வென்சலாஸ் தலையாட்டிவிட்டு
வலையை வெயிலில் விரிக்கப் போனான்.

ஒன்று என் சீட்டு.
ஏலக்கரையில் இப்போது
பதினொரு முகத்தையும் பார்க்கிறேன்.
மற்ற இரண்டு
யாருக்குத் தெரியாமல் போயிற்று?