துளை எண் பதினேழு

முப்பத்தொரு மீட்டரில்
கம்பி தானாக இறங்கியது.

யாரும் அழுத்தவில்லை.
ஷஃபிகுல் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டு
என்னைப் பார்த்தான்.
இரண்டரை மீட்டர், ஒரே மூச்சில்.
உள்ளே விட்ட தண்ணீரும் மேலே திரும்பவில்லை.

செந்தூலில், நாற்பத்திரண்டு மாடி வரப்போகும் இடம்.
விளம்பரப் பலகையில் நீச்சல் குளம்
இப்போதே நீலமாக இருக்கிறது.
அடியில் என்ன இருக்கிறதென்று எழுதுவது என் வேலை:
ஆழம், நிறம், கடினம், குறிப்பு.

இருப்பது சுண்ணாம்புக்கல்.
இந்த ஊர் ஒரு காலத்தில் கடலாக இருந்ததற்கு
இது ஒன்றுதான் சாட்சி.
முதல் வருஷம் சிப்பியின் தடம் தேடினேன்.
வெந்து நசுங்கிப் பளிங்காகிப்போன கல்லில்
ஓடும் இல்லை, வரியும் இல்லை.
ஆனால் ஒரு சொட்டு அமிலம் விட்டால்
நுரைக்கும்.
அலை வடிந்தபின் மணல் போடும் சத்தம்,
காதருகே பிடித்தால் மட்டும்.

மழையும் அமிலம்தான், மிக மெலிந்தது.
எத்தனை கோடி நாலுமணி மழைகள்
இதே சோதனையைச் செய்து பார்த்தனவோ,
கல் ஓரிடத்தில் கோபுரமாக நிற்கிறது,
பக்கத்திலேயே காணவில்லை.
மூன்றடி தள்ளி நட்டால் தூண் நிற்கும்.
இங்கே நட்டால்
நட்டதாக நினைத்துக்கொள்ளலாம்.

போனில் மிஸ்டர் லூ:
"எத்தனை லோரி சிமெண்டு பிடிக்கும்?"
தெரியாது என்றேன்.
"தெரியாதென்று ரிப்போர்ட்டில் எழுத முடியாது, மிஸ் யோகமலர்."

ஷஃபிகுல் போலா தீவுக்காரன்.
அங்கே நூறு மீட்டர் துளைத்தாலும் சேறுதானாம்.
ஆறு அரிக்க அரிக்க
வீட்டை மூன்று முறை உள்தள்ளிக் கட்டினார்கள்,
நாலாவது முறை தள்ள இடமில்லை.
"இங்கே கல் இருக்கிறது, அக்கா.
கல்லுக்குள்தான் ஒன்றுமில்லை."
சிரித்தானா தெரியவில்லை,
எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றரைக்கு, வானம் இன்னும் வெள்ளையாக இருக்கையில்
பெருங்கால்வாயிலிருந்து ஓர் உடும்பு ஏறி வந்தது.
என் நீளம் இருக்கும்.
சேற்றுத் தொட்டியைச் சுற்றிப் போய்
சிமெண்டு மூட்டைகளின்மேல் படுத்துக்கொண்டது,
முன்பதிவு செய்தவர் போல.
கைப்பேசியில் மழை ஐந்து மணிக்கு என்றிருந்தது.
நாலுக்குக் கொட்டியது.
பத்தே நிமிஷத்தில் கால்வாய் நிறைந்து
தேத்தண்ணீர் நிறத்தில்
ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு ஓடியது.

கூடாரத்துக்குள் நின்று படிவத்தை முடித்தேன்.
31.4 முதல் 33.9 வரை.
நிறம்: ஒரு கோடு.
கடினம்: ஒரு கோடு.
குறிப்பு: வெற்றிடம்.
பதினேழாம் துளையின் வாயில்
மழை ஓசையில்லாமல் இறங்கிக்கொண்டே இருந்தது.
நிறையவில்லை.

உடும்பு கண்ணை மூடித் திறந்தது.
பதினெட்டுக்கு நான் அடித்துவைத்த ஆணி
அதன் வால் தொங்கும் இடத்தில் இருக்கிறது.