ஆறு கேன் கடல்

"விசேஷமா அக்கா?" என்றான்
ஆறு கேனையும் மாடியேற்றி
மூச்சு வாங்க நின்ற பையன்.
கடல் செய்யப் போகிறேன் என்று
அவனிடம் எப்படிச் சொல்வது.
ஆமாம்பா, சின்ன விசேஷம் என்றேன்.

எங்கள் போரில் வருவதே உப்புத் தண்ணீர்தான்.
வாய் கொப்பளித்தால் கரிக்கும்.
குழாய் முனையில் வெள்ளையாய்ப் பூக்கும்.
ஆனால் அது மீனுக்கு ஆகாத உப்பு.
நல்ல தண்ணீரைக் காசுக்கு வாங்கி
அதில் உப்பைக் கொட்டுகிறவள்
திருத்துறைப்பூண்டியில்
நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம்.
நூற்றிருபது லிட்டருக்கு நாலு கிலோ இருநூறு.
கலக்கக் கலக்கப் பாலாய் வெளுத்து
மறுநாள் விடியலில் தெளிந்திருந்தது.

மண் பரிசோதனைக் கூடத்தில் எனக்குப் பதினோரு வருடம்.
வயல் மண்ணைக் கரைத்து
மீட்டரின் மூக்கை முக்கி எழுதுவேன்.
மூன்றைத் தாண்டினால் சிவப்பு மை.
ஒரு சனிக்கிழமை ஆபீஸ் மீட்டரைப் பையில் போட்டு வந்து
தொட்டியில் முக்கினேன்:
ஐம்பத்து மூன்று.
சிவப்புப் பேனாவைத் தேடியது கை.

பச்சை இறால் ஒன்றை அடியில் போட்டேன்,
அழுகட்டும் என்றுதான்.
அழுகலிலிருந்து அம்மோனியா,
அதைத் தின்னக் கண்ணுக்குத் தெரியாத ஒன்று,
அது கழித்ததைத் தின்ன இன்னொன்று.
இரண்டும் குடிவந்த பிறகுதான் மீன்.
தெட்சிணா மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்:
"குழம்பாவது வச்சிருக்கலாம்."

ஐந்து வாரம்.
வந்தவர்கள் எல்லாம்
விளக்கெரியும் வெறுந்தண்ணீர் முன் குனிந்து
மீன் எங்கே என்றார்கள்.
சோதனைக் குப்பியில் பச்சை, பிறகு ஊதா.
மின்வெட்டு இரவுகளில்
பேட்டரி மோட்டார் முனகுகிறதா என்று
விழித்திருந்து கேட்டேன்.
மட்டம் தினமும் ஒரு விரற்கடை இறங்கும்.
அதற்கு உப்பில்லாத தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.
போவது தண்ணீர், உப்பு போவதில்லை.
இதையே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்,
வயலைப் பற்றி.

ஒரு ஞாயிறு, முடிவுத்தாள் கேட்டு
தொண்டியக்காட்டிலிருந்து
பக்கிரிசாமி வீட்டுக்கே வந்துவிட்டார்.
நான் வாளியில் உப்பு கரைத்துக்கொண்டிருந்தேன்.
பார்த்தார். கேட்கவில்லை.
அவர் மண் நாலு புள்ளி எட்டு.
சொன்னேன்.
ம் என்றார்.
தொட்டியைக் காட்டி, "இது எவ்வளவும்மா?"
சொன்னேன்.
சிரித்துவிட்டார், சத்தமாக,
கண்ணில் நீர் வர.
துண்டால் துடைத்துக்கொண்டு
பக்கத்து வாளியில் கழித்து வைத்திருந்த நீரைப் பார்த்தார்.
"இதை எங்க ஊத்துவீங்க?"

வாசல் சாக்கடை.
சாக்கடை போய்ச் சேரும் வாய்க்கால்.
அந்த வாய்க்கால் எந்தெந்த வயலுக்குப் பாய்கிறது
என்பது எனக்குத் தெரியும்,
சர்வே எண்ணோடு.
டீ குடிக்கிறீங்களா என்றேன்.

இப்போதெல்லாம் கழிக்கிற நீரை
மொட்டைமாடியில்
அகலத் தட்டுகளில் ஊற்றி வைக்கிறேன்.
வேதாரண்யத்து வெயில்தான் இங்கும்.
மழை இருட்டினால் ஓட வேண்டும்.
நாலாம் நாள் சுரண்டினால் இரண்டு கை வெள்ளை.
ஹார்லிக்ஸ் பாட்டில்களில் சேர்கிறது,
சமைக்கவும் ஆகாமல்
கொட்டவும் இடமில்லாமல்.

மீன் இன்னும் வாங்கவில்லை.
நேற்று இரவு விளக்கணைத்து டார்ச் அடித்தேன்.
தஞ்சாவூர்க் கடைக்காரர்
தன் தொட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த கல்,
அதன் பொந்திலிருந்து
நூல் தடிமனில் ஒரு கை நீண்டது.
நான் காசு கொடுக்காதது.
வளைந்தது, துழாவியது,
வெளிச்சம் பட்டதும் உள்ளே போய்விட்டது.

அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.
"என்ன?" என்றார் தெட்சிணா படுக்கையிலிருந்து.
நடவு முடிந்த பத்தாம் நாள்
வரப்பில் நின்று சொல்வார்களே, அதையேதான் சொன்னேன்:
பச்சை பிடிச்சிருக்கு.