மே மாதம் வரை

பிப்ரவரியில் செத்தவனுக்கு
டுலூத்தில் குழி கிடையாது.
ஐந்தடி ஆழத்துக்கு மண் இறுகிக் கிடக்கும்.
கல்லறைத் தோட்டத்துக் கணக்கர்
தேதியைப் பென்சிலால்தான் குறித்துக்கொண்டார்:
மே, இரண்டாம் வாரம், பனி விட்டால்.

அதுவரை தாத்தாவை
குன்றின் அடியில் ஒரு கல் அறையில் வைத்தார்கள்.
இன்னும் பதினோரு பேர் அங்கே காத்திருந்தார்கள்.
வரிசையில் நிற்பது அவருக்குப் புதிதல்ல.

ஔலிஸ் கெம்ப்பி.
இரும்புத்தாது ஏற்றும் துறைமேடையில்
முப்பத்து நான்கு வருஷம்.
நவம்பரில், ரயில் பெட்டிக்குள் உறைந்துபோய் வரும் தாதுவை
நீளக் கழியால் குத்திக் குத்தி
கீழே கப்பலின் வயிற்றில் விழவைக்கும் வேலை.
என்ன வேலை என்று யாராவது கேட்டால்
"பிடிவாதக்காரனை இறங்கச் சொல்வது" என்பார்.
அதற்குமேல் விளக்கம் கிடையாது.

அந்த வீட்டில் வெள்ளை என்றொரு நிறம் இருந்ததில்லை.
தலையணை உறை, உள்சட்டை, அம்மாவின் பள்ளிக் காலுறை,
எல்லாம் துவைக்கத் துவைக்க இளஞ்சிவப்பு.
கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன அம்மா
கடையில் வாங்கிய வெள்ளைத் துண்டைப் பிரித்துவைத்து
ஏதோ குறைகிறதென்று அழுதாளாம்.
இதை நான் முழுக்க நம்பவில்லை.

கொரியா.
அந்தச் சொல்லுக்குப் பின்னால்
அவர் ஒரு முழு வாக்கியம் வைத்ததில்லை.
டப்பாவோடு உறைந்த பீச் பழத்தை
சட்டைக்குள் அணைத்துவைத்து உருக்கினார்களாம்.
ஹாலண்டர் என்றொருவன் சீட்டாட்டத்தில் ஏமாற்றுவானாம்.
அவன் திரும்பவில்லை என்பது
அம்மா சொல்லித்தான் தெரியும்.
இடது காலில் மூன்று விரல் இல்லை என்பது
யாரும் சொல்லாமலே.

எழுபதுகளின் கடைசியில்
படைவீரர் அலுவலகத்தில் ஒரு பையன்,
குளிரால்தான் போனது என்பதற்கு
வேறு சான்று உண்டா என்று கேட்டிருக்கிறான்.
தாத்தா குனிந்து ஷூவை அவிழ்த்தார்.
காலுறையை உருவி, மடித்து, கோட்டுப் பையில் வைத்தார்.
மேசைமேல், அவனுடைய காபிக்குப் பக்கத்தில்
காலைத் தூக்கி வைத்தார்.
"அசல் இது. நகல் எடுத்துக்கொள்."

பணம் வந்தது. மாதம் அறுபத்தெட்டு டாலர்.
அப்போது வேலைநிறுத்தம்.
முதல் மூன்று மாதப் பணமும்
உருளைக்கிழங்காகச் சங்கத்துச் சமையலறைக்குப் போனது.

இடது ஷூவின் முனையில்
செய்தித்தாளைச் சுருட்டி அடைத்திருப்பார்.
அவர் போனபின் அதைப் பிரித்துப் பார்த்தேன்.
ஹாக்கி ஆட்டத்தின் கோல் கணக்கு.
பழைய லாரி விற்பனைக்கு.
ரகசியம் ஏதுமில்லை.
தேடியதற்கு வெட்கமாக இருந்தது.

மே வந்தது. ஏரியில் பனிக்கட்டி இன்னும் மிதந்தது.
கொடி மடிக்க இரண்டு இளம் சிப்பாய்கள்.
காற்று பிடுங்கியதில் நான்காவது மடிப்பு கோணலாகி
முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.
அந்தப் பெண்ணின் காது சிவந்துவிட்டது.
பரவாயில்லை என்று சொல்லலாமா, கூடாதா,
எனக்குத் தெரியவில்லை.

பிறகு பெட்டியை இறக்கினார்கள்.
பாதியில் நின்றது.
வடக்கு ஓரத்து மண் இன்னும் உருகவில்லை,
உப்பிய ஒரு விளிம்பில் பெட்டியின் மூலை மாட்டிக்கொண்டது.
குழிவெட்டிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.
பாதிரியார் புத்தகத்தைப் பார்த்தார்.

ஸ்டீவோ வூகெலிச் முன்னால் வந்தார்.
தொண்ணூற்றொன்று வயது,
அதே மேடையில், அதே ஷிஃப்டில், எதிர்க் கழி.
கைத்தடியைத் திருப்பிப் பிடித்தார்.
விளிம்பில் ஒரு குத்து. இன்னொன்று.
மூச்சு வாங்க நின்று, மூன்றாவது.
"இறங்குடா, பிடிவாதக்காரா."

இறங்கினார்.

யார் முதலில் சிரித்தது என்று
இன்றுவரை வீட்டில் சண்டை.
அம்மா என்கிறார்கள். அம்மா மறுக்கிறாள்.

திரும்பும் வழியில் வூகெலிச்சுக்குத் தோள் கொடுத்தேன்.
அவர் தடியிலிருந்து என் சட்டைக் கையில்
சிவப்பு மண் ஒட்டியிருந்தது.
ராத்திரி அதைக் கழற்றி
வெள்ளைத் துணிகளோடு சேர்த்தே
துவைக்கப் போட்டேன்.