பன்னிரண்டாவது குளிர்

அக்னி நட்சத்திரம், பதினோராம் நாள்.
ராயபுரம் குளிர்கிடங்கின் கதவுக்குள் மைனஸ் இருபது,
வெளியே நாற்பத்தொன்று.
ஸ்வெட்டரைப் போடுவதும் கழற்றுவதுமாய் நான்.

ஒரு பெட்டி மட்டும் தலை வெட்டாமல் வந்துவிட்டது.
நார்வே காட். தாடைக்குக் கீழே ஒற்றை மீசை.
திருப்பி அனுப்பினால் மீன் விலையைவிடக் கப்பல் கூலி அதிகம்.

"இதுக்கும் கத்தாழை மாதிரி
தலைக்குள்ள கல்லு இருக்குமாக்கா?"
ஃபோர்க்லிஃப்ட்டை அணைத்துவிட்டு வந்தான் அமலதாஸ்.

இருந்தது. இரண்டு. மொச்சைக்கொட்டை அளவு.
ஒன்றைக் குறுக்கே உடைத்து
ஒரு சொட்டு எண்ணெய் விட்டு
கறுப்புத் தட்டில் லென்ஸுக்கடியில் வைத்தேன்.
அகன்ற வெள்ளை, தின்று கொழுத்த கோடை.
ஒட்டினாற்போல் மெல்லிய கறுப்பு,
குளிர்.

நடுவில் ஒரு புள்ளி.
அதைச் சுற்றித்தான் எல்லாம்.
முட்டையாய் மிதந்திருக்கிறது,
தன்னைப் போலப் பல லட்சம் பேரோடு,
தண்ணீர் போன பக்கம்.
பொரிந்தபோது வயிற்றில் கட்டுச்சோறாய்க் கொஞ்சம் மஞ்சள்கரு.
அது தீர்வதற்குள் முதல் இரையைக் கவ்வ வேண்டும்.
பல லட்சம் பேர் கவ்வவில்லை.
இது கவ்வியது.
சுண்டுவிரல் நீளம் வந்ததும்
மிதந்தது போதுமென்று அடித்தரைக்கு இறங்கியது.

ஏழுக்குப் பிறகு வளையங்கள் நெருக்கியடிக்கின்றன.
தின்றதெல்லாம் உடம்பில் ஒட்டாமல்
முட்டைக்குப் போன வருஷங்கள்.
நான்கு.
நான்கு முறை வடக்கிலிருந்து நீந்தி வந்து,
காற்றுப்பையை அதிரவைத்து உறுமும் ஆண்களுக்கு நடுவே
இருட்டில் கொட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல்.

"உறுமுமா?" என்றான்.
"கத்தாழையும் கத்தும்க்கா.
போன ஞாயித்துக்கெழம கூட
துடுப்ப தண்ணில விட்டு காம்புல காது வச்சேன்.
கொர்ர்னு ஒரே சத்தம். வலை போட்டா
தெரியாம ரெண்டு கெளுத்தி."

மறுபடி எண்ணினேன். பதினொன்று.
எங்கள் படிவத்தில் வயதுக்குக் கட்டமில்லை.
எடை, வெப்பநிலை, காலாவதி தேதி.
ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்.

அப்போதுதான் விளிம்பைப் பார்த்தேன்.
கறுப்பு.
பன்னிரண்டாவது குளிர், வெளுக்கவே இல்லை,
அதற்குள் தூண்டில்.

மீதிக் குளிரை
மூன்று மாதமாக ஓட்டிக்கொண்டிருப்பது
கப்பல் பெட்டியின் மோட்டாரும்
நேற்றிலிருந்து எங்கள் கம்ப்ரஸரும்.

கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமி, பிடித்துக்கொள்ளும்வரை
இருவரும் பேசவில்லை.

உடைக்காத கல்லைச்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
வண்டியைக் கிளப்பினான் அமலதாஸ்.